தீராத வயிற்றுவலி

பதினேழு வருடமாகச் செய்தி மேசையில் இருக்கிறேன்.
"தீராத வயிற்றுவலியால்" என்று தொடங்கினால்
மீதி வரி விரல்களுக்குத் தானாக வரும்.
பெயர், கமா, வயது, கமா,
போலீசார் விசாரிக்கின்றனர், புள்ளி.
ஸ்டேஷன் ரைட்டர் நிருபருக்குச் சொல்ல
நிருபர் எனக்குச் சொல்ல
நான் மதுரைக்குச் சொல்வேன்.
மாநகர்ப் பதிப்பு பதினொன்றே முக்காலுக்கு முடியும்.
பிறகு யானைக்கல்லில் ஒரு டீ.

விருமாயி, 31.
மூன்றாம் பக்கத்தில் இரண்டு அங்குலம்.
அவளுக்குக் கீழே
ஆடித் தள்ளுபடி சிரித்துக்கொண்டிருந்தது.

ஒன்பதாம் நாள் காலை
அலுவலகப் படியில் மில் யூனிஃபார்மில் ஒருத்தி.
நைட் ஷிப்ட் முடிந்து கப்பலூரிலிருந்து நேராக,
தலையில் பஞ்சோடு.
ஒச்சம்மாள். விருமாயிக்கு நேர் இளையவள்.
கேஸ் போடச் சொல்லவில்லை.
நிவாரணம் கேட்கவில்லை.
நான்காக மடித்த செய்தியைப் பிரித்து
அந்த இரண்டு வார்த்தை மேல் விரலை வைத்தாள்.
"இத யாரு சொன்னாக?"

எங்கள் ஆசிரியர்கூட
அப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை.

"கல்லத் தின்னாலும் செரிக்கும் சார் அவளுக்கு.
கெடாவெட்டுல ஆம்பளைகளுக்கு மேல சாப்பிடுவா.
ரெண்டு பிள்ளைக்கும் சேத்து
பத்து நாளு படுத்திருக்க மாட்டா.
வயித்துவலியாம்ல."

பிறகு செவ்வாய்க்கிழமைகளைச் சொன்னாள்.
குழுக்கடன் அக்கா பெயரில், பைக் மாமா பெயரில்.
தவணை தவறிய செவ்வாயெல்லாம்
வசூல் பையன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார,
கூடக் கையெழுத்துப் போட்ட நாலு பேர்
அவனைச் சுற்றி நின்று இவளை ஏச,
உள்ளேயிருந்து ஒருவன்
டிவி சத்தத்தைக் கூட்டி வைக்க.
"அந்தப் பையனுக்குத் தண்ணி மோந்து குடுத்தாளாம் சார்.
கடைசிச் செவ்வாயும்."

நான் எழுதிக்கொண்டேன்.
'குடுத்தாளாம்' என்பதைக்
'கொடுத்ததாகக் கூறப்படுகிறது' ஆக்கப் போன வலது கையை
இடது கையால் பிடித்து வைத்தேன்.

ஞாயிறு இணைப்பில் அரைப் பக்கம்.
அவள் சொன்னபடி, அவள் பெயரோடு.

உலகம் ஒன்றும் புரளவில்லை.
திங்கட்கிழமை சிம்மக்கல்லில்
அதில்தான் வடை மடித்துக் கொடுத்தார்கள்.
ரைட்டர் மட்டும் போன் செய்தார்.
சண்டைக்கு என்று நினைத்துத் தொண்டையைச் செருமினேன்.
"சரிண்ணே, அப்ப இனிமே என்னன்டு எழுத?"
உண்மையாகவே கேட்டார்.
"கேட்டுட்டு எழுதுங்க" என்றேன்.
"யார்ட்ட?" என்றார்.
கொஞ்ச நேரம் இரண்டு பேரும் போனை வைக்கவில்லை.

கருமாத்தூர்ப் பக்கம் அந்த ஊரில்
நாலு பேரில் ஒருத்தி, அழகுத்தாய்,
ஒச்சம்மாளைத் தேடி வந்து
பேப்பரை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்துவிட்டு
"நானுந்தான்டி அன்னைக்கு வாசல்ல நின்னேன்" என்றாளாம்.
அடுத்த செவ்வாய் வேறொருத்தி வாசலில்
வசூல் பையன் நாற்காலி கேட்டபோது
அந்தத் தெருவில் யார் வீட்டிலும் நாற்காலி இல்லையாம்.
ஒச்சம்மாள் இதைப் போனில் சொன்னாள்.
பின்னால் மிஷின் ஓடியதில்
பாதிதான் காதில் விழுந்தது.

நேற்று நான் வீடு சேரப் பன்னிரண்டரை.
வளர்மதி சுவர்ப் பக்கம் சுருண்டு படுத்திருந்தாள்.
"என்ன?"
"வயிறு வலிக்குது."
அலமாரியில் இரண்டாவது தட்டில் ஓமத் திரவம்.
இருட்டிலும் என் கைக்குத் தெரியும்.
எத்தனை இரவு அதை எடுத்து நீட்டிவிட்டு
நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன்.

எடுக்கப் போனவன் திரும்பி வந்து
விளக்கைப் போடாமல் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.
"எந்த வலி?" என்றேன்.

வெகுநேரம் ஃபேன் மட்டும் ஓடியது.

"நெசமாவே கேக்குறீங்களா?" என்றாள்.